பழைய மரக் கிளாரினெட்டின் தரமும் மதிப்பும்: ஓர் ஆய்வு

1. முன்னுரை

1.1 ஆய்வுப் பொருள்

குடும்பச் சொத்தாக வந்தது, பழம்பொருள் கடையில் வாங்கியது, கலைந்துபோன பேண்டு குழுவின் பெட்டியில் கிடந்தது என்று ஒரு பழைய மரக் கிளாரினெட் பல வழிகளில் ஒருவர் கைக்கு வந்து சேரலாம். எப்படி வந்தாலும் இரண்டு கேள்விகள் சேர்ந்தே எழும். இது நல்ல கருவியா? இது என்ன விலைக்குப் போகும்? இவ்விரண்டையும் ஒரே கேள்வியாக எண்ணுவதால் பல தவறுகள் நேர்கின்றன. நல்ல கருவிகள் குப்பைக்குப் போகின்றன. பழுதான கருவிகளுக்குப் பெருந்தொகை கொடுத்து ஏமாறுகிறார்கள். தரத்தையும் மதிப்பையும் தனித்தனியே அளப்பதற்கான முறை ஒன்றை வகுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1.2 கருதுகோள்

பழைய இசைக்கருவி என்றதும் வயலின்தான் நினைவுக்கு வருகிறது. இத்தாலியின் கிரெமோனா நகரில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் செய்த வயலின்கள் இன்றும் மேடையில் ஒலிக்கின்றன. வயது அவற்றின் புகழைக் கூட்டியிருக்கிறது. அந்த அளவுகோலைக் கிளாரினெட்டின் மேல் வைக்க முடியாது. கிளாரினெட்டுக்குள் ஈரமூச்சு ஓடுகிறது. அதன் கீகள் தேய்கின்றன. அது எந்தச் சுருதிக்குச் செய்யப்பட்டதோ அதிலேயே கட்டுண்டு கிடக்கிறது. ஆகவே வயது இங்கே தரத்திற்குச் சான்றாகாது. கிளாரினெட்டின் தரம் அதன் உள்துளையிலும் சுரத்துளைகளிலும் அமைந்த அளவு நுட்பத்தில் இருக்கிறது. அதன் மதிப்போ வாசிப்பு, ஆவணம், சந்தை என்ற மூன்று வேறு தராசுகளில் நிறுக்க வேண்டியது. இதுவே இவ்வாய்வின் கருதுகோள்.

1.3 எல்லை

பெருவழக்கில் உள்ள பி-பிளாட் கிளாரினெட்டுகளே இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. காலம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1970கள் வரை.

2. வரலாற்றுப் பின்னணி

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் ஜோஹன் கிறிஸ்டோஃப் டென்னர் 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஷாலுமோ என்ற சிறு குழலைத் திருத்தி கிளாரினெட்டை உருவாக்கினார் என்பது பொதுவாக ஏற்கப்படும் செய்தி. 1812 வாக்கில் இவான் முல்லர் 13 கீகள் கொண்ட கருவியைக் கொண்டுவந்தார். பாரிஸில் இயாசெந்த் குளோசே என்ற ஆசிரியரும் லூயி ஆகஸ்ட் பூஃபே என்ற கைவினைஞரும் சேர்ந்து புல்லாங்குழலுக்குத் தியோபால்ட் போம் வகுத்த வளையக் கீ முறையைக் கிளாரினெட்டுக்குப் பொருத்தினர். அது 1839இல் காட்சிக்கு வந்தது, 1844இல் காப்புரிமை பெற்றது. ‘போம் முறை’ என்று இன்று உலகெங்கும் பரவியிருப்பது அதுதான். பிரஸ்ஸல்ஸில் யூஜின் ஆல்பர்ட் முல்லரின் வழியையே செம்மைப்படுத்தி ‘ஆல்பர்ட் முறை’க்குப் பெயர் தந்தார். ஜெர்மனியில் ஆஸ்கர் ஓலரின் பெயரால் மற்றொரு கிளை வளர்ந்தது.

ஒரு பழைய கருவி எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பதை அறியாமல் மதிப்பீட்டில் ஓர் அடியும் எடுத்துவைக்க முடியாது என்பதற்காகவே இந்த வரலாறு இங்கு வேண்டியிருக்கிறது.

3. அடையாளம் காணல்

3.1 முத்திரை

மவுத்பீஸ் நீங்கலாகக் கிளாரினெட்டுக்குப் பேரல், மேல் பாகம், கீழ்ப் பாகம், பெல் என நான்கு பாகங்கள். நல்ல கருவிகளில் இவை ஒவ்வொன்றிலும் முத்திரை பொறித்திருப்பார்கள். மங்கிய முத்திரையைப் படிக்க, பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் போதும். பேரலும் பெல்லும் காலப்போக்கில் எளிதாக மாற்றப்படுபவை. நான்கிலும் ஒரே முத்திரை இருந்தால் கருவி சிதறாமல் வந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

பெயரைப் படிப்பதில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, ஒரே நிறுவனம் பல தரங்களில் கருவிகளை விற்றது. 1825இல் பாரிஸில் தொடங்கிய பூஃபே கிராம்போன் தன் உயர்தரக் கருவிகளுக்குச் சொந்தப் பெயரையும், 20ஆம் நூற்றாண்டில் மாணவர்களுக்கான கருவிகளுக்கு ‘எவெத்’ என்ற பெயரையும் இட்டது. லெபிளாங் நிறுவனத்தில் ‘நோபிளே’ இடைநிலை, ‘வீட்டோ’ மாணவர் நிலை. செல்மர் குடும்பத்தில் ‘சிக்னெட்’, ‘பண்டி’ ஆகியவை பாரிஸ் செல்மருக்குக் கீழ்ப்படிகள். இங்கிலாந்தின் பூசி அண்ட் ஹாக்ஸில் ‘1010’ உச்சம். ‘எட்ஜ்வேர்’, ‘ரீஜென்ட்’ ஆகியவை அதற்கு வெகு கீழே. இரண்டாவது, பிரான்ஸிலும் பொஹீமியாவிலும் இருந்த தொழிற்கூடங்கள் கடைக்காரர்கள் கேட்ட பெயரையெல்லாம் பொறித்துக் கொடுத்தன. ‘பாரிஸ்’ என்ற சொல்லும் ஒரு கிரீடச் சின்னமும் இருப்பதாலேயே அது தேர்ந்த கைவினைஞரின் கருவி ஆகிவிடாது.

3.2 எண்ணும் நாடும்

வரிசை எண் பெரும்பாலும் பின்புறத்தில் இருக்கும். மேல் பாகத்திலும் கீழ்ப் பாகத்திலும் எண் இருந்து இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், அது இரு கருவிகளைச் சேர்த்து அமைத்த ஒன்று. அப்படிப்பட்டது நன்றாகவே ஒலிக்கக்கூடும். ஆனால் சேகரிப்பாளர் அதை விரும்பமாட்டார்.

எண்ணைக் கொண்டு ஆண்டைக் கண்டறிய முடியாதபோது நாட்டின் பெயர் கைகொடுக்கும். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் தயாரித்த நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்றது. ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றிருந்தால் 1918க்குப் பிந்தியது. ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது.

3.3 கீ அமைப்பு

வழக்கமான போம் கிளாரினெட்டில் 17 கீகளும் 6 வளையங்களும் இருக்கும். 20 கீகளும் 7 வளையங்களும் இருந்தால் அது ‘முழு போம்’. இத்தாலியில் வெகுகாலம் விரும்பப்பட்ட அமைப்பு. வளையங்கள் மிகக் குறைவாகவும் கீகள் 13 அளவிலும் இருந்தால் ஆல்பர்ட் வழியைச் சேர்ந்தது என்று முதற்கட்டமாகக் கொள்ளலாம். இன்றைய மாணவருக்கு ஆசிரியரும் பாடநூலும் கிடைப்பது பெரும்பாலும் போம் முறைக்குத்தான். எனவே, எவ்வளவு சிறப்பாகச் செய்யப்பட்டிருந்தாலும் ஆல்பர்ட் கருவியை வாங்குவோர் குறைவு.

3.4 சுருதி

பழைய கருவியை வாங்குவோர் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். இன்றைய உலகச் சுருதியில் ‘ஏ’ சுரம் நொடிக்கு 440 அதிர்வுகள். 1939இல் லண்டன் மாநாடு இதைப் பரிந்துரைத்தது. அதற்கு முன் பிரான்ஸ் 1859இல் 435ஐ ஏற்றிருந்தது. பிரிட்டிஷ் இராணுவ பேண்டுகளோ 1920களின் பிற்பகுதி வரை ஏறத்தாழ 452 என்ற உயர் சுருதியில் வாசித்தன. 440க்கும் 452க்கும் இடையே கிட்டத்தட்ட அரைச் சுரத்தில் பாதி வேறுபாடு. பேரலை இழுத்து நீட்டி இதைச் சரிசெய்ய இயலாது. அப்படி நீட்டினால் மேலே உள்ள துளைகளின் சுரங்கள் அதிகம் இறங்கும், கீழே உள்ளவை குறைவாக இறங்கும். கருவி தனக்குள்ளேயே பிசகிவிடும்.

சில தயாரிப்பாளர்கள் உயர் சுருதிக் கருவியில் ‘எச்.பி.’ என்றும் தாழ் சுருதிக் கருவியில் ‘எல்.பி.’ என்றும் பொறித்தனர். எழுத்து இல்லாவிட்டால் நீளத்தை அளக்க வேண்டும். மவுத்பீஸ் இல்லாமல் இன்றைய பி-பிளாட் கிளாரினெட் சுமார் 60 செ.மீ. இருக்கும். உயர் சுருதிக் கருவி ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. வரை குட்டையானது. ‘ஏ’ கிளாரினெட் இதைவிட நீளமானது என்பதால், உயர் சுருதியில் செய்த ‘ஏ’ கிளாரினெட்டைப் பி-பிளாட் என்று மயங்கிவிடும் அபாயமும் உண்டு. ஆகவே, அளவுகோலோடு சுருதிமானியையும் வைத்து உறுதிசெய்ய வேண்டும்.

4. மரம்

4.1 வகைகள்

18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் மஞ்சள் நிறப் பாக்ஸ் மரமே கிளாரினெட்டின் மரம். அது ஈரத்தில் வளையக்கூடியது. பின்னர் அந்த இடத்தைப் பிடித்தது கிரெனடில்லா என்ற ஆப்பிரிக்கக் கருமரம். தாவரப் பெயர் டால்பெர்ஜியா மெலனாக்சிலான். தான்சானியா, மொசாம்பிக் காடுகளில் வளர்வது. பலர் நினைப்பதுபோல் அது கருங்காலி அன்று. நம் ஈட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது. தண்ணீரில் மூழ்கும் அளவு அடர்த்தி கொண்டது.

4.2 மரமா, எபொனைட்டா?

கறுப்பாக இருப்பதெல்லாம் மரமாகாது. பழைய கருவிகள் பல எபொனைட் என்ற கடின ரப்பரால் ஆனவை. பெல்லின் உட்புறமும் உள்துளையும் சாயம் குறைவான இடங்கள்; விளக்கொளியில் அங்கே மர இழை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். எபொனைட் வெயில் பட்டால் பச்சை கலந்த பழுப்பு நிறமாக மாறும். விரலால் அழுத்தித் தேய்த்தால் கந்தக வாசம் எழும். எபொனைட் என்பதாலேயே கருவி மட்டமாகிவிடாது. மரம் என்று சொல்லி மர விலைக்கு விற்பதுதான் தவறு.

4.3 வயது ஏற ஏற ஒலி இனிக்குமா?

நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்வோர் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். அந்த மரம் கருவியாவதற்கு முன்பே பல்லாண்டுகள் உலர்ந்து நிலைபெற்றுவிடுகிறது. கடைந்த பின் துளையின் அளவு மாறுவதில்லை. கிளாரினெட் தயாரிப்பாளர்களும் கடைவதற்கு முன் மரத்தை ஆண்டுக்கணக்கில் உலர்த்துவது இதே காரணத்திற்காகத்தான். அதாவது, வயது நன்மை செய்வது கடைவதற்கு முன். கடைந்த பின் ஏறும் வயது அளவுகளைக் காப்பதில்லை. உலர்ந்தும் ஈரம் ஏறியும் துளை சற்றே சுருங்கலாம், வட்டம் கோணி நீள்வட்டமாகலாம்.

மரத்தின் அதிர்வு ஒலியை இனிமையாக்குகிறது என்ற நம்பிக்கையையும் ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. 1960களில் ஜான் பாக்கஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கிளாரினெட்டின் சுவர் அதிர்வை அளந்து, கேட்கும் ஒலியில் அதற்குக் குறிப்பிடத்தக்க பங்கு இல்லை என்று முடிவுகட்டினார். 1971இல் ஜான் கோல்ட்மன் வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றால் ஒரே உள்ளளவில் செய்த குழல்களை ஒலிக்கச் செய்தபோது கேட்டவர்களால் அவற்றைப் பிரித்தறிய முடியவில்லை. பாடுவது உள்ளே அடைபட்ட காற்றுத் தூண்தான். அடர்ந்த மரத்தின் சிறப்பு, கடைசலில் கூர்மையான விளிம்பையும் வழவழப்பான துளையையும் ஏற்று அவற்றை நெடுங்காலம் தாங்குவதில் இருக்கிறது.

5. தரத்தின் கூறுகள்

5.1 உள்துளை

வடிவம் பெரும்பாலும் உருளை. ஒரு முனை ரீடால் மூடியது. இதனால் கிளாரினெட் அடுத்த தளத்திற்குத் தாவும்போது எட்டாவது சுரத்துக்குப் போகாமல் பன்னிரண்டாவது சுரத்துக்குப் போகிறது. இந்தப் பன்னிரண்டாம் சுர இடைவெளி சுத்தமாக அமைவதே வடிவமைப்பின் பெருஞ்சவால். முழுக்க ஒரே அகலமுள்ள துளையில் அது சில இடங்களில் தவறும். 1950களில் பூஃபே கிராம்போனின் ரொபேர் கரே வடிவமைத்த ஆர்-13, மேல் பாகத்தின் துளையைப் படிப்படியாக மாறும் உருளைகளாக அமைத்து இதற்கு ஒரு தீர்வு கண்டது. உலகின் இசைக்குழுக்களில் மிகப் பரவலான கிளாரினெட் ஆனது.

உள்துளை அளவு ஒலியின் குணத்தையும் முடிவுசெய்கிறது. ஆர்-13இன் துளை ஏறத்தாழ 14.6 மி.மீ.; பூசி அண்ட் ஹாக்ஸ் 1010இன் துளை 15.2 மி.மீ. அருகில். அகலத் துளையின் விரிந்த, நெகிழ்வான நாதத்தை ஜாக் பிரைமர் போன்ற ஆங்கிலேயக் கலைஞர்கள் போற்றினர். ஆனால் அத்தகைய கருவிக்கு அதற்கேற்ற துளையுள்ள மவுத்பீஸ் வேண்டும். பொருந்தாத மவுத்பீஸைச் செருகி வாசித்துவிட்டு, கருவி சுருதி சேரவில்லை என்று தள்ளிவிடுவது நியாயமன்று.

5.2 சுரத்துளைகள்

உயர்தரக் கருவிகளில் சுரத்துளையின் அடிப்பகுதியை உட்புறமாகச் சற்றே விரித்துக் குடைந்திருப்பார்கள். இதனால் சுரம் கூர்மையாகப் பேசும், சுருதியும் திருந்தும். மலிவான கருவிகளில் துளை நேராகவே இறங்கும். மேல் பாகத்தை ஒளிக்கு எதிரே பிடித்து உள்ளே பார்த்தால் இந்த வேறுபாடு தெரியும். துளையை மூடும் பேட் வந்து அமரும் விளிம்பு எங்கும் சிதைந்திருக்கக் கூடாது.

5.3 கீகளின் உலோகம்

நல்ல கீகள் நிக்கல் சில்வரை அடித்துச் செய்தவை. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த அந்தக் கலவையில் வெள்ளி கிடையாது. மேலே வெள்ளியோ நிக்கலோ பூசுவார்கள். மட்டமான வார்ப்புக் கீகள் வளைத்தால் ஒடிந்துவிடும். கீயைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா, மரத்தில் முடுக்கிய தூண்கள் சுழல்கின்றனவா என்று பார்த்தால் தேய்மானத்தின் அளவு புரியும்.

6. உடல்நிலை ஆய்வு

6.1 விரிசல்

வாசிக்கும்போது உள்ளே ஈரமும் வெப்பமும் ஏறி மரம் விரிகிறது. வெளிப்புறம் உலர்ந்தபடியே நிற்கிறது. அந்த இழுவிசையில் விரிசல் விழுகிறது. மேல் பாகத்தின் தலைப்பகுதியும், அங்குள்ள டிரில் கீகளின் துளைகளை ஒட்டிய இடமும் மிகுந்த ஆபத்துக்குரியவை. மேலோட்டமான கீறலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. சுரத்துளையை வெட்டிச் செல்வதும் உள்துளை வரை இறங்குவதும் கடுமையானவை. முள் செலுத்தியோ கார்பன் இழைப் பட்டை கட்டியோ நன்றாகச் செப்பனிட்ட விரிசல் வாசிப்பைக் கெடுக்காது, விலையைக் குறைக்கும். பெல்லின் உலோக வளையம் தளர்ந்து சுழன்றால் மரம் உலர்ந்து சுருங்கியிருக்கிறது என்று பொருள். அத்தகைய கருவியை உடனே நீண்ட நேரம் வாசிக்கக் கூடாது. நாளுக்குச் சில நிமிடம் என்று தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும்.

6.2 காற்றுக் கசிவு

ஒரு பாகத்தின் துளைகளை விரல்களால் மூடி, அடியை உள்ளங்கையால் அடைத்து, மேல்முனையில் வாய் வைத்து உறிஞ்சினால் வெற்றிடம் சில நொடி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பேட்டுகளோ கார்க்குகளோ மரமோ கசிகிறது. பேட்டும் கார்க்கும் தேயும் பொருள்கள். அவற்றின் பழுது கருவியின் குறையாகாது. எல்லாப் பேட்டுகளையும் மாற்றும் செலவு மட்டும் கணக்கில் வர வேண்டும். இடைநிலைக் கருவிகளில் இந்தச் செலவு கருவியின் விலையையே எட்டிவிடுவதுண்டு.

6.3 வாசித்துப் பார்த்தல்

செப்பனிட்ட பிறகே வாசிப்புச் சோதனை பொருள் உடையதாகும். தேர்ந்த வாசிப்பாளர் ஒருவர் தமக்குப் பழகிய மவுத்பீஸையும் ரீடையும் வைத்துக் கீழ்த்தளச் சுரங்களையும் அவற்றின் பன்னிரண்டாம் சுரங்களையும் சுருதிமானியோடு ஒப்பிட வேண்டும். தொண்டைச் சுரங்கள் எனப்படும் இடைப்பகுதிச் சுரங்கள் எல்லாக் கிளாரினெட்டிலும் சற்று மங்கலானவை. அவை எந்த அளவு தெளிவாக ஒலிக்கின்றன என்பது வடிவமைப்பின் தரத்தைக் காட்டும்.

7. மதிப்பின் மூன்று தராசுகள்

7.1 வாசிப்பு மதிப்பு

இன்றைய சுருதி, போம் முறை, விரிசலற்ற மேல் பாகம், நல்ல கீகள் என நான்கும் அமைந்தால் இடைநிலைப் பழைய கருவிகூட மாணவருக்குப் பயனுள்ள துணை. 1950, 60களின் ஆர்-13, பென்னி குட்மன் வாசித்த வகையான செல்மரின் ‘சென்டர்டு டோன்’, பூசியின் 1010 ஆகியவற்றை இன்றும் கலைஞர்கள் தேடி வாங்குகிறார்கள். பெட்டியில் கிடக்கும் மவுத்பீஸையும் அலட்சியம் செய்யக் கூடாது. ஷெடெவில், காஸ்பர் என்ற பெயர்கள் கொண்ட பழைய மவுத்பீஸ்கள் சாதாரணக் கிளாரினெட்டைவிட அதிக விலை பெறுபவை.

7.2 ஆவண மதிப்பு

இசையமைப்பாளர் பிராம்ஸ் தம் கிளாரினெட் படைப்புகளை ரிஷார்ட் முல்ஃபெல்டின் வாசிப்பைக் கேட்டு எழுதினார். முல்ஃபெல்ட் வாசித்தவை மியூனிக்கின் ஓட்டன்ஸ்டைனர் செய்த பாக்ஸ் மரக் கிளாரினெட்டுகள். அவற்றின் துளையளவுகள் வழியாகத்தான் பிராம்ஸ் காதில் விழுந்த நாதத்தை இன்று அணுக முடிகிறது. பண்டைத் தட்பவெப்பத்தை ஆராய்ந்த அறிவியலாளர் நிக்கோலஸ் ஷாக்கிள்டன் வாழ்நாள் முழுதும் கிளாரினெட்டுகளைத் திரட்டினார். 2006இல் அவர் மறைந்த பின் அத்திரட்டு எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. ஆவண மதிப்புள்ள கருவியில் துளையை அகலப்படுத்துவதும், மெருகேற்றி முத்திரையை அழிப்பதும், கீகளை மாற்றுவதும் சான்றை அழிக்கும் செயல்கள். சந்தையில் வாங்க ஆளில்லாத உயர் சுருதி ஆல்பர்ட் கருவி இந்தத் தராசில் கனமாக நிற்கலாம்.

7.3 சந்தை மதிப்பும் சட்டமும்

சந்தை விலையை முடிவுசெய்பவை முத்திரை, மாதிரி, சுருதி, விரிசல், செப்பனிட்ட நிலை ஆகியவை. விற்பவர் கேட்கும் விலை சான்றாகாது. உண்மையில் விற்று முடிந்த விலையே சான்று. கடல் கடந்து விற்பதானால், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையும் குறுக்கே வரும். 2017 ஜனவரியில் கிரெனடில்லா அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் அதன் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. 2019 நவம்பர் முதல் அப்பட்டியலிலுள்ள மரத்தாலான முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. அதே பேரினத்தின் பிரேசில் ரோஸ்வுட் 1992இலிருந்தே முதல் பட்டியலில் இருப்பதால் அந்த விலக்கு அதற்குப் பொருந்தாது. பழைய கருவிகளின் தந்த வளையங்களுக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு.

8. தமிழ்நாட்டுச் சூழல்

பிரிட்டிஷ் பேண்டுகளின் வழியே இங்கு பரவிய கிளாரினெட், சதிர்க் கச்சேரிக்குப் பக்கவாத்தியமாகி, பின்னர் ஏ.கே.சி. நடராஜனின் கையில் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்ந்தது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கர்நாடக இசையின் கண்கொண்டு பார்த்தால் மேற்சொன்ன தராசுகளின் முள் இடம் மாறுகிறது. தனிக் கச்சேரியில் தம்புராவும் வயலினும் மிருதங்கமும் கிளாரினெட்டின் சுருதிக்கு இசைந்து வரும். சுருதிப் பெட்டியையும் நுணுக்கமாகத் திருப்பலாம். ஆகவே மேற்கத்திய இசைக்குழுவில் பயன்படாத உயர் சுருதிக் கருவி இங்கே தன்னளவில் சுத்தமாக இருந்தால் போதும்.

கமகத்துக்கு விரலைத் துளையின் மேல் நழுவவிட வேண்டும். வளையமில்லாத வெறுந்துளை அதற்கு இடம் தருகிறது. வளையத்தை அழுத்தினாலோ அதனோடு இணைந்த பேட் சட்டென மூடிக்கொள்ளும். ஆகவே மேற்கில் விலைபோகாத ஆல்பர்ட் முறைக்கு இங்கே கலை சார்ந்த காரணம் ஒன்று இருக்கிறது. பேண்டுகள் விட்டுச்சென்ற பழைய கருவிகளை இந்த நோக்கில் மறு ஆய்வு செய்வது நம் இசையறிஞர்களின் கடமை.

பாதுகாப்பிலும் நம் சூழலுக்கு உரிய கவனம் தேவை. குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெயிலுக்குக் கொண்டுபோவதும், மழைக்காலத்தில் ஈரத்துடன் பெட்டிக்குள் பூட்டுவதும் மரத்துக்குக் கேடு. வாசித்தவுடன் உள்துளையைத் துணியால் துடைத்து, சற்றுக் காற்றாட விட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும்.

9. முடிவுரை

ஆய்வின் முடிவுகளை இவ்வாறு தொகுக்கலாம்.

அ) பழைய மரக் கிளாரினெட்டை மதிப்பிடும் வரிசை: சுருதி, கீ அமைப்பு, விரிசல், உள்துளையும் சுரத்துளைகளும், கீகளின் உலோகம், அதன் பிறகே முத்திரை. பெயரில் தொடங்குவோர் பெயரிலேயே நின்றுவிடுகிறார்கள்.

ஆ) வயது கிளாரினெட்டின் ஒலிக்கு எதையும் சேர்ப்பதில்லை. நன்கு உலர்ந்த மரமும் நுட்பமான கடைசலும் சேர்த்தவற்றைப் பேணிக் காப்பதே அதை வைத்திருப்பவரால் ஆகக்கூடியது.

இ) வாசிப்பு, ஆவணம், சந்தை என்ற மூன்று மதிப்புகளும் ஒரே கருவியில் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கலாம். எந்தத் தராசில் நிறுக்கிறோம் என்று சொல்லாமல் விலை கூறுவது அறிவுக்குப் பொருந்தாது.

ஈ) வாசிக்கும் மரபு மாறினால் குறையென்று தள்ளியது பயனாகலாம் என்பதைக் கர்நாடக இசைச் சூழல் காட்டுகிறது.

கிளாரினெட்டை வைத்திருப்பவர் முதலில் செய்ய வேண்டியது விற்பதோ செப்பனிடுவதோ அன்று. நீளம், எண், முத்திரை, கீகளின் எண்ணிக்கை, விரிசல் உள்ள இடம், யார் எங்கே வாசித்தார்கள் என்ற குடும்பச் செய்தி ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் எழுதிப் படங்களோடு சேர்த்து வைக்க வேண்டும். அந்தக் குறிப்பு செப்பனிடுபவருக்கு வழிகாட்டும், வாங்குபவரிடம் நியாயம் பேசும், ஆய்வாளருக்குச் சான்றாகும். கருவி யார் கைக்குப் போனாலும் குறிப்பும் அதனுடனே போக வேண்டும்.